வெள்ளைக்கல் மேட்டுக்கு ஒரு பஸ்

சந்தை முனையில் ஜீப்னி என்கிற ஷேர் வண்டிகளுக்கு ஆள் கூப்பிடுவதுதான் டெலிங் அக்காவின் வேலை. முழுப்பெயர் ரொடேலியா. அரை ஆளுக்குக்கூட இடமில்லாத வண்டியைக் காட்டி, "இன்னும் ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம், உள்ள இருக்கறவங்க கொஞ்சம் மூச்சப் பிடிங்க" என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே நகர்வார்கள். வண்டி நிறைந்ததும் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டுவார். ஓட்டுநர் கூலியாகச் சில்லறையை நீட்டிவிட்டுக் கிளம்புவார்.

அக்கா குடியிருப்பது எங்களோடு வெள்ளைக்கல் மேட்டில். ஆற்றங்கரையில் இருந்த எங்களை, வெள்ளத்துக்குப் பயந்து, மணிலாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் இந்த மேட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். வீடு மேலே வந்துவிட்டது, வேலை கீழேயே இருந்தது. வண்டிகளோ மேலே வரத் தயங்கின. காலியாக ஏற வேண்டும், டீசல் வேறு செலவாகும். நெடுஞ்சாலையில் ஓடினால் போகும்போதும் வரும்போதும் வண்டி நிறையும். ஓட்டுநர்களைக் குறை சொல்ல முடியாது.

அதற்காக அக்கா முனையில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். மேட்டுக்குப் போய்த் திரும்பும் வண்டி, எத்தனை வண்டி காத்து நின்றாலும், வரிசையில் முதலாவதாக நிற்கலாம். யாரும் முணுமுணுக்கக் கூடாது. அதனால் சில வண்டிகளாவது மேலே வந்தன. ஆனால் போதவில்லை. அக்காவின் மகள் மாரிசெல் மீன் டப்பா ஆலையில் இரவு வேலை பார்க்கிறாள். வண்டி கிடைக்காமல் அடிக்கடி தாமதமாகப் போனாள். இனி ஒரு தடவை தாமதமானால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நகரம் முழுவதற்கும் பஸ்களைப் புதிதாகப் பிரித்துக் கொடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க எண்ணுவார்களாம். அதை வைத்துத்தான் பஸ். எங்கள் மேட்டில் எண்ணுவதற்கு ஜொவிலின் என்ற பெண் வருவதாக இருந்தது.

அக்காவுக்கு ஒரே பரபரப்பு. நிறுத்தத்தைப் பெருக்கிக் கழுவச் செய்தார். பிறகு முனைக்குப் போய் ஓட்டுநர்களிடம், "நாளைக்கு ஆபீஸ்லருந்து ஆள் வருது. நம்ம ஜனங்க வெயில்ல வாடிக்கிட்டு நின்னா மானம் போயிரும். எல்லாரும் ஒரு நடை மேல வந்துட்டுப் போங்கப்பா" என்றார்.

"வந்தா எனக்கு முதலிடம் உண்டுல்ல?" என்று கேட்டார் போன்சோ அண்ணன், ஓட்டுநர்களில் மூத்தவர்.

"எல்லாருக்கும் உண்டு."

மறுநாள் காலை ஜீப்னிகள் கழுவித் துடைத்து, கண்ணாடியில் புது மல்லிகைச் சரம் ஆட, ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. யாரும் காத்திருக்கவில்லை. ஜொவிலினுக்கு முட்டை போட்ட கஞ்சி வந்தது. பின்னாலேயே பொரித்த வாழைப்பழம் வந்தது. எண்ணுவதற்கு மட்டும் வரிசையில் ஆள் இல்லை.

"இங்க பஸ்ஸே தேவையில்ல போலிருக்கேக்கா. எங்க தெருவுலகூட இவ்வளவு வசதி கிடையாது" என்று அந்தப் பெண் மனதாரச் சொன்னாள்.

அக்கா கையில் கஞ்சிக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். செய்த காரியம் அப்போதுதான் உறைத்தது.

கீழே முனையில் அதற்குள் சண்டை தொடங்கியிருந்தது. எல்லோரும் மேட்டுக்குப் போய் வந்தவர்கள், ஆகவே எல்லோருக்கும் முதலிடம் வேண்டும். தீர்த்துவைக்க அக்கா அங்கே இல்லை. போன்சோ அண்ணன் கோபித்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வண்டியைத் திருப்பினார். மற்றவர்களும் காலையில் விட்ட வருமானத்தைப் பிடிக்க அவர் பின்னாலேயே போனார்கள்.

சாயங்காலம் இரவு வேலைக்குப் போகிறவர்கள் நிறுத்தத்தில் சேர ஆரம்பித்தார்கள். ஒரு வண்டியும் ஏறி வரவில்லை. வரிசை கடையைத் தாண்டிக் குழாயடிவரை நீண்டது. மழையும் பிடித்துக்கொண்டது. மாரிசெல் அம்மாவிடம் வந்து, "போன்சோ மாமாவுக்கு ஒரு போன் போடும்மா. நீ கூப்பிட்டா வந்துருவாரு" என்றாள்.

அக்கா போனைக் கையில் எடுத்து வரிசையைப் பார்த்தார். கூப்பிட்டால் போன்சோ எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார், வரிசை மறுபடியும் கரைந்துவிடும். கூப்பிடாவிட்டால் மகளின் வேலை போகும். மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார். பேசி முடித்ததும் நேராக ஜொவிலினிடம் போனார். அவளும் வீட்டுக்குப் போக வண்டி தேடி, வரிசையின் கடைசியில் பையைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"காலைல வந்த வண்டியெல்லாம் நான் சொல்லி வந்ததும்மா. இப்ப வரப்போறதும் அப்படித்தான். மத்த நாள்ல எங்க நிலம இதுதான்."

"ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க?"

"விருந்தாளி வர்ற வீட்டப் பெருக்காம விடுவாங்களா?"

ஜொவிலின் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழாயடியிலிருந்து முன்னால்வரை நடந்து ஒவ்வொருவராக எண்ணிவிட்டு, தன் இடத்துக்கே திரும்பி வந்தாள். போன்சோ அண்ணன் வந்ததும் எல்லோரும் அவளை முதலில் ஏறச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். "நான் கடைசியாதானே வந்தேன்? முதல்ல வந்தவங்க ஏறட்டும்." முதல் வண்டியில் மாரிசெல் போனாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தும் விட்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் மேட்டுக்கு பஸ் வந்தது. சின்ன பஸ்தான். ஆனால் காலையும் மாலையும் தவறுவதில்லை, நிறையும்வரை நிற்பதும் இல்லை. அதற்கு ஆள் கூப்பிட வேண்டிய அவசியமே கிடையாது. இருந்தாலும் காலையில் முனைக்குக் கிளம்பும் அக்கா, எல்லோரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்லி ஏற்றுகிறார். பிறகு பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டிவிட்டுக் கடைசி ஆளாகத் தானும் தொற்றிக்கொள்கிறார். புது ஓட்டுநர் முதலில் முறைத்தார். இப்போதெல்லாம் அந்தத் தட்டு விழாமல் வண்டியை எடுப்பதில்லை.