முதுகில் தங்கிய ஊசி

குத்திய ஊசிகளை எண்ணி எடுக்க வேண்டும் என்பது விதி. 1980களில், தோள்வலிக்காகச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அக்குபங்சர் செய்துகொண்டேன். ஈசூனில் உள்ள வீட்டுக்குத் திரும்பிச் சட்டையைக் கழற்றியதும் மனைவி அலறினாள்.

"என்னங்க, முதுகுல ஒரு ஊசி நிக்குது!"

பேருந்தில் இடமின்றி நின்றே வந்திருந்தேன். சாய்ந்திருந்தால் நுரையீரல் என்னவாகியிருக்கும்?

"நான் எடுத்துடறேன்."

"தொடாதே! குத்தினவர்தான் எடுக்கணும், அதுதான் முறை."

"உயிர் போற நேரத்துலயும் முறையா லா?"

டாக்சியில், இருக்கை நுனியில், மூச்சை முழுதாக இழுக்கவும் பயந்து திரும்பிப் போனேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சாரி அங்கிள், எண்ண மறந்துட்டேன்," என்று சொல்லி அவர் ஊசியை உருவினார்.

அன்றே சுகாதார அமைச்சுக்குப் புகார் எழுதினேன். பதிலுக்குக் காத்திராமல், மறுமுறையிலிருந்து ஒவ்வொரு ஊசி இறங்கும்போதும் நானே உரக்க எண்ணத் தொடங்கினேன். "கவனிக்கிறோம்" என்ற பதில் அடுத்த ஆண்டு தீபாவளிக்கு முதல் நாள் வந்தது.