முருங்கை இலைப் பெட்டியோடு திண்டுக்கல்லுக்கு

காலை 6.10. ஆத்தூர்.

முத்துப்பாண்டி அண்ணனின் லோடு ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டி முடித்தபோது நன்றாக விடிந்துவிட்டது. திண்டுக்கல் போய்த் திரும்ப வாடகை 1,400 ரூபாய். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். கல்லூரிக்கு மூன்று வருடம் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன பாதை. அப்பாவோடு அதில் போவது இதுதான் முதல் தடவை.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத் தகரப் பெட்டி. முன்னால் நாக்கை நீட்டியதுபோல ஒரு கண்ணாடிச் சட்டம், அதற்கு அடியில் கறுப்புத் தகடு. வெயிலில் தகடு காய்ந்ததும் சூட்டுக்காற்று பெட்டிக்குள் ஏறி, எட்டுத் தட்டுகளைக் கடந்து, உச்சியில் வெளியேறும். தட்டுகளில் முருங்கை இலை. இலைமேல் வெயில் படாது. பச்சை மாறாமல் காய்ந்துவிடும். கரண்ட் வேண்டாம்.

இதைச் செய்தவர் என் அப்பா அருளாந்து. வெல்டிங் பட்டறையில் கூலிக்கு வேலை, ஒரு ஏக்கரில் முருங்கை. காய் விலை படுத்த ஒரு வருடம், இலையையாவது காசாக்கலாம் என்று பழைய தகரங்களை ஒட்டவைத்துச் செய்ய ஆரம்பித்தார். இப்போது இருப்பது நாலாவது பெட்டி. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதனால் குறு உணவுத் தொழில்களுக்கு அரசு மானியம் தருகிறது என்று படித்ததும், விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். திட்டச் செலவில் முப்பத்தைந்து சதவீதம் மானியம், மீதி வங்கிக் கடனும் எங்கள் பங்கும். அப்பா பெயரில்தான் போட்டேன். விண்ணப்பங்களைத் தேர்வு செய்யும் மாவட்டக் குழு இன்று பதினொரு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறது. பெட்டியை நேரில் கொண்டுவந்து இயக்கிக் காட்ட வேண்டும். இதில் தேறினால்தான் கோப்பு வங்கிக்குப் போகும்.

காலை 6.45. வழியில் ஒரு டீக்கடை.

டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்காரர் வண்டியைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"யாரு தவறுனது? சொந்தக்காரகளா?"

பிணம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டி என்று நினைத்துவிட்டார். முத்துப்பாண்டி அண்ணன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "முருங்கை இலைண்ணே. நல்ல வயசுல போயிருச்சு" என்றார். அப்பா சிரித்ததில் டீ சட்டையில் சிந்தியது. விழாவுக்கு எடுக்கும் வெள்ளைச் சட்டை.

காலை 7.05. சின்னாளப்பட்டி.

தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம். இங்கே பாக்கியம் அக்கா இருக்கிறார். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பவர். எங்கள் தட்டுகளுக்கு அடியில் கம்பி வலை கிடையாது, கஞ்சி போடாத பருத்தித் துணிதான். வலையில் இலை ஒட்டிக் கருகுகிறது என்று அப்பா கண்டுபிடித்த மாற்று அது. அக்காதான் துணி தருவார். குழு முன்னால் புதுத் துணியாக இருக்கட்டும் என்று வாங்க நின்றோம்.

அக்கா வண்டிமேல் ஏறிப் பெட்டிக் கதவைத் திறந்தார். உடனே முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"ஏப்பா, என்னது இது? பெயிண்ட்டுல கலக்குற டின்னர் வாடை இப்படி அடிக்குது?"

"வெளிய பெயிண்ட் அடிச்சிருக்கோம்க்கா" என்றேன்.

"வெளிய அடிச்ச வாடையா இது? நான் நாள் பூரா சாயத்துல கெடக்குறவ, எனக்கே குமட்டுது. இலையை மோந்து பாரு."

முகர்ந்தேன். முருங்கை வாசம் துளியும் இல்லை.

பெட்டிக்கு உள்ளேயும் பெயிண்ட் அடித்தது நான். முந்தாநாள், அப்பா பட்டறைக்குப் போயிருந்தபோது. ஆபீசர்கள் பார்க்கப் போகிறார்கள், துருப்பிடித்த தகரத்தையா காட்டுவது? பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசுகிறோம். விருந்தாள் வருகிறார் என்றால் எதையாவது பூசாமல் எங்களுக்குக் கை நிற்காது. இருநூற்று நாற்பது ரூபாய்க்கு ஒரு டப்பா பச்சை எனாமல் வாங்கி, மூலை முடுக்கெல்லாம் இரண்டு கோட்டிங். அப்பா வந்து பார்த்து, "நல்லாத்தான்லே இருக்கு" என்றார். இருவருக்கும் உறைக்கவில்லை. காலையில் பறித்த எட்டுத் தட்டு இலையும் வழிநெடுக அந்த வாடையைக் குடித்திருந்தது.

"திரும்பிப் போயிருவோம்ப்பா. அடுத்த தடவை கேப்போம்" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் தகரத்தைத் தடவினார். நகத்தால் கீறிப் பார்த்தார். பெயிண்ட் தோல் மாதிரி உரிந்தது.

"இன்னும் இறுகல. செத்த நேரம் இரு. பாக்கியம், உப்புத்தாள் கெடைக்குமா?"

"முக்குக் கடையில கெடைக்கும். இலைக்குக் கொல்லையில ரெண்டு மரம் நிக்குது, ஒடிச்சுக்கங்க. சும்மா பாத்துக்கிட்டு நிக்காத தம்பி, ஏறு மரத்துல."

பதினைந்து ரூபாய் வீதம் ஆறு உப்புத்தாள். நான் இலை ஒடிக்க, அக்கா உருவிக் கழுவித் தர, அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார். எட்டே கால் ஆகியும் முடியவில்லை.

"வண்டியை எடு முத்துப்பாண்டி. போற வழியில சொரண்டிக்கிறேன்."

மதுரை ரோட்டில், ஓடும் வண்டியில், பனியனோடு ஒருவர் தகரப் பெட்டியைச் சுரண்டிக்கொண்டே போனதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. எதிரே மலைக்கோட்டை தெரிந்தபோது அப்பாவின் தலைமயிர், மீசை எல்லாம் பச்சைத் தூள். நான் பின்னால் உட்கார்ந்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

காலை 9.10. திண்டுக்கல், கலெக்டர் அலுவலக வளாகம்.

அரைமணி நேரம் கதவைத் திறந்துபோட்டு வெயிலில் வைத்தோம். வாடை போனது என்று அப்பா மூன்று தடவை தலையை உள்ளே விட்டு உறுதிசெய்த பிறகே புதுத் துணியைக் கட்டி இலையைப் பரப்பினோம். மற்றவர்கள் கொண்டுவந்த இயந்திரங்கள் எவர்சில்வரில் பளபளத்தன. எங்கள் பெட்டி சொறி பிடித்ததுபோல நின்றது.

பகல் 11.40.

குழுவில் நாலு பேர். மூத்த அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தார். நான் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்கத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன்.

"தம்பி, நீங்க இருங்க. விண்ணப்பதாரர் அவர்தானே? அவர் சொல்லட்டும்." பிறகு அப்பாவிடம், "மூலையில பச்சையா ஏதோ ஒட்டியிருக்கே, என்னது?"

பழைய தகரம் என்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"பெயிண்ட்டும்மா. நீங்க பாக்கப்போறீகன்னு உள்ள பூசிட்டோம். வாடை இலையில ஏறிருச்சு. கொண்டாந்த இலையைக் கொட்டிட்டு, வழியெல்லாம் சொரண்டிக்கிட்டு வந்தேன். இந்த இலை ரெண்டு மணி நேரந்தான் ஆச்சு, பாதிதான் காஞ்சிருக்கும். ஆனா பாருங்க, பச்சை மாறல."

அந்த அம்மா ஒரு தட்டை உருவி இலையை விரலில் தேய்த்தார், முகர்ந்தார். குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் துணியைத் தட்டிக் காட்டி ஏன் வலை இல்லை என்று கேட்டார். அப்பா சொன்னார். எந்தத் தட்டு முதலில் காயும், எப்போது மாற்ற வேண்டும், மேகம் போட்டால் உச்சித் துவாரத்தை எவ்வளவு மூட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். நான் இரண்டு பக்கத்தில் எழுதாத பாதி விஷயம் அதில் இருந்தது. பேராசிரியர் குறித்துக்கொண்டே வந்தார்.

"சரி, இனிமே உள்ள என்ன பூசுவீங்க?" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் பூச மாட்டேன். எவர்சில்வர் தகடு அடிக்கணும். அம்புட்டுக்கும் தகடு அடிக்க எங்கிட்ட வசதி இல்ல. அதுக்குத்தானம்மா உங்ககிட்ட வந்திருக்கோம்."

நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரித்தபடியே கோப்பில் எழுதினார்: எவர்சில்வர் உள்தகட்டுக்கு விலைப்புள்ளி இணைக்க வேண்டும், வங்கிக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. அதை நான் வாசித்துச் சொன்னபோது அப்பா, "பரிந்துரைன்னா ஆமாங்குறாகளா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டு, டீக்கறை தெரியாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

பிற்பகல் 3.20. மறுபடி சின்னாளப்பட்டி.

தட்டுகளை எடுக்காமலே வண்டியை விட்டிருந்தோம். வழியெல்லாம் நல்ல வெயில். திண்டுக்கல் ஒன்றும் எனக்குத் தூரத்து ஊர் இல்லை. ஆனாலும் கல்லூரி முடித்து வந்த அன்றுகூட இப்படி நிமிர்ந்து அந்த ஊரைவிட்டுத் திரும்பியதில்லை. அன்று கொண்டுவந்தது என் பெயர் போட்ட காகிதம். இன்று பரிந்துரை எழுதிய கோப்பில் அப்பாவின் பெயர் இருந்தது.

பாக்கியம் அக்கா சாயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். நடந்ததை நாங்கள் சொல்லத் தொடங்குமுன் நேராக வண்டியில் ஏறினார். கதவைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து நொறுக்கினார். சரசரவென்று பொடிந்தது. அப்பா கீழே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழுவுக்கு முன்னால்கூட அப்படி நிற்கவில்லை.

அக்கா மூக்குக்கு அருகே கொண்டுபோனார். மறுபடியும் ஒருமுறை.

"ம். இப்பத்தான் முருங்கை வாசம் அடிக்குது" என்றார். பொடியைக் கொட்டாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.