நஞ்சு

மனிதச் செல்லின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் ஒரு புரதம் இப்போது ஆய்வுக்கூடங்களுக்குச் சின்னக் குப்பியில் வருகிறது. மனித மரபணுவை வேறு செல்லுக்குள் புகுத்தி வளர்த்து எடுக்கிறார்கள். மனிதப் புரதம்தான், ஆனால் எந்த மனிதருடையதும் இல்லை. எண்பதுகளில் எங்களுக்கு அந்தச் சொகுசு கிடையாது. பிள்ளை பெற்றவர்களிடமிருந்துதான் எடுக்க வேண்டும்.

அதாவது நஞ்சு. பிள்ளை பிறந்ததும் பின்னால் வந்து விழுகிற கொடியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் குடியிருந்தது பண்ணைக்காட்டில். அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு வெள்ளனே போய், பெற்றவர்களிடம் கேட்டு, நஞ்சை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் கொடைக்கானல் ஏறுவேன். அங்கே ஒரு கல்லூரியில் நான் லேப் அசிஸ்டென்ட். முதல் நாள் கண்டக்டர், "பெட்டிக்குள்ள என்னம்மா?" என்றார். "நஞ்சுங்க" என்றேன். "எறங்கும்மா மொதல்ல! பஸ்ஸுக்குள்ள சனம் இருக்குல்ல" என்று விசிலை ஊதிவிட்டார். விஷம் கொண்டுபோகிறேன் என்று நினைத்துவிட்டார் மனுசன். விளக்கியதும் அசடு வழிய டிக்கெட் கிழித்தார். பிறகு நான் போக முடியாத நாளில் ஆஸ்பத்திரி ஆயா பெட்டியை அவரிடமே கொடுத்தனுப்புவார்.

லேபில் அதைக் கழுவி, அரைத்து, மெஷினில் சுழற்றி, அந்தப் புரதத்தைப் பிரிப்போம். பிற புரதங்களை வெட்டுகிற கத்தரி அது. பிரசவ வலியைத் தூண்டும் ஹார்மோனை வெட்டிப் போடுவதும் அதன் சோலி. நாள் வரும்வரை வலி வராமல் காக்கிற காவல்காரன் என்பார் ஆராய்ச்சி செய்த மேடம்.

எனக்கு நாள் வரும் முன்பே வலி வந்தது. அதே ஆஸ்பத்திரியில்தான் பெற்றேன். ஆண் பிள்ளை. அழவில்லை. முகத்தைப் பார்க்க விடவில்லை, பார்த்தால் அடுத்த பிள்ளைக்கு ஆகாதாம். என் வீட்டுக்காரர் துணியில் சுற்றி எடுத்துப் போனார். யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

வீடு திரும்பிய பிறகு, வாசலில் மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது. "கண்டவ நஞ்சையெல்லாம் தொட்டுச் சொமந்தா, வயித்துல புள்ள எப்பிடித் தங்கும்?"

படித்தவள் நான், சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. என்னால்தான் போனானோ, என் உடம்பில் அந்தக் காவல் சரியில்லையோ என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று மேடம் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். "அன்னைக்கு ஆயா வழக்கம்போல உங்களோடதையும் பெட்டியில வெச்சு கண்டக்டர்கிட்ட குடுத்து விட்டுட்டாங்க. பிரிச்சு எடுத்ததுக்கு அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது. தூக்கிப் போட மனசு வரல."

ஃப்ரீசரிலிருந்து விரல் பருமனில் ஒரு குழாயை எடுத்து ஐஸில் வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று கோபம் வந்தது. அதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது.

"டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டுங்களா மேடம்?"

அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, மருந்தோடு கலந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன். புரதம் வேலை செய்தால் மஞ்சள் ஏறும். செய்யாவிட்டால் வெறும் தண்ணீராகவே கிடக்கும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மஞ்சள் ஏறியது. மற்றப் பெண்களுடையது எப்படி ஏறுமோ அப்படியேதான் ஏறியது.

"அப்புறம் ஏன் மேடம்?"

"பல நேரம் காரணம் யாருக்குமே தெரியாதும்மா. உங்ககிட்ட குறை எதுவும் இல்ல. இதுல கூட இல்ல, பாருங்க."

நான் குழாயைக் காட்டினேன். "இது என்னோடதுதானுங்களே?"

"இல்லம்மா. கொடியில இந்தப் புரதம் இருக்குற பகுதியைக் கட்டுறது பிள்ளையோட செல்லு. இது உங்க பையனோடது."

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. குழாயை ஐஸிலிருந்து எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். மேடம் தடுக்கவில்லை. ஆனால் கைச்சூட்டில் இருக்க இருக்க அது கெட்டுப்போகும் என்பது எனக்கே தெரியும். பெற்ற பிள்ளையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கக்கூட வழியில்லாமல், திரும்ப ஐஸில் வைத்தேன்.