எல்லா விளக்கும் எரிகிறது

வீட்டு ரவுட்டர் கெட்டுப்போக வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது. கருவடிக்குப்பத்து வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். பாண்டிச்சேரியில் இது அதிசயமில்லை. மாமனாரும் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக, இருந்து மறைந்தவர்தான். தெருவில் எங்களுடையதை 'சொல்தா வீடு' என்றே சொல்வார்கள். கல்யாணமாகி எட்டாவது மாதம் இவரை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். நான் பிரான்சுக்குப் போவதற்கான பேப்பர் அப்போது வந்திருக்கவில்லை.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினால் பயம், டெலிபோன் அடித்தால் பயம். மாப்பிள்ளைக்கு ராணுவ வேலை என்றதும் என் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தீவாளிக்கே காதப் பொத்திக்கறவ, இவ போயி பட்டாளத்தான் பொண்டாட்டியா?" என்றாள்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் கம்ப்யூட்டரில் வருவார். அதற்காகவே விடுப்பில் வந்தபோது ஒரு லேப்டாப் கொண்டுவந்து, பிராட்பேண்ட் இணைப்பும் வைஃபை ரவுட்டரும் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஹாலில் டெலிபோன் பக்கத்தில், இரும்பு பீரோவை ஒட்டி ரவுட்டர் உட்கார்ந்திருக்கும். முதல் பத்து நிமிடம் மாமியார் பங்கு. "சாப்ட்டியா, இன்னா சாப்ட்ட, ஏன் எளச்சுட்ட" எல்லாம் முடிந்த பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் மாடி அறைக்குப் போவேன். சரியாக நாலாவது படியில் அவர் முகம் உறைந்துவிடும், மாடி அறை ஜன்னலோரம் போய் உட்கார்ந்த பிறகுதான் மறுபடி அசையும். பீரோ மறைக்கிறது, சிக்னல் வளைந்து வராது என்று அவர் விளக்குவார். விளக்கம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் பாதி கண் மூடிய நிலையில் அசையாமல் நிற்கும் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் திரையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

ரவுட்டரின் குணமெல்லாம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. முதல் விளக்கு கரண்ட். இரண்டாவது டெலிபோன் லைன். மூன்றாவது இன்டர்நெட். நாலாவது வைஃபை. மழை பெய்தால் டெலிபோனில் கரகரவென்று சத்தம் வரும், கூடவே மூன்றாவது விளக்கு சிவந்துவிடும். சூடானால் மயங்கிவிடும். அது சூடாவதற்குக் காரணம் என் மாமியார். டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, டெலிபோனுக்கு உறை போட்டவர் இதை மட்டும் விடுவாரா? வெள்ளை நூலில் பூப்போட்டு ஒரு உறை பின்னிப் போட்டுவிட்டார். நான் கழற்றி வைப்பேன், திரும்பிப் பார்ப்பதற்குள் போட்டிருப்பார். அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போடு என்று என் கணவர் சொல்லிக் கொடுத்த வைத்தியத்தை வாரத்துக்கு நாலு முறையாவது செய்தேன். டெலிபோன் ஆபீசில் புகாரும் எழுதி வைத்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் மாடி அறையில் பேசும்போது என் கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சுன்னா, முகாம்ல போன், நெட்டு எல்லாத்தயும் மூடிடுவாங்க. அந்த ஆளு வீட்டுக்கு முறையா போயிச் சொல்ற வரைக்கும் யாரும் யார்கிட்டயும் பேச முடியாது. அதனால ரெண்டு நாளு நான் வரலன்னா பயந்துடாத. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

பயந்துவிடாதே என்று சொல்லி ஒரு மனுஷர் இவ்வளவு பெரிய பயத்தைக் கையில் கொடுக்க முடியுமா? அன்றிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது. அவர் வரவில்லையென்றால் காரணம் இரண்டில் ஒன்று. இங்கே ரவுட்டர் கெட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே யாரோ செத்திருக்க வேண்டும். அதுவரை சனியனே என்று நான் திட்டிய ரவுட்டர் எனக்குக் காவல் தெய்வமாகிவிட்டது. இணைப்பு அறுந்தால் படியில் தடதடவென்று ஓடிவந்து மூன்றாவது விளக்கைப் பார்ப்பேன். சிவப்பாக இருந்தால் மூச்சு வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு அவர் வரவில்லை. ஓடிப்போய் உறையைத் தூக்கினேன். நாலு விளக்கும் பச்சை. தொட்டுப் பார்த்தேன், சூடும் இல்லை. அணைத்து முப்பது எண்ணினேன், பயத்தில் அறுபதுவரை போய்விட்டேன். மறுபடி நாலும் பச்சை. வைஃபையில்தான் கோளாறோ என்று லேப்டாப்பில் நேராக ஒயரைச் செருகினேன். செய்தித்தாள் பக்கம் திறந்தது. சமையல் குறிப்பு திறந்தது. என்றைக்கும் அப்படி வேகமாகத் திறந்ததே இல்லை. ஒவ்வொரு பக்கமும் திறக்கத் திறக்க, திறக்காத ஒன்று கிடைக்காதா என்று அடுத்ததைத் தட்டினேன்.

"ரவுட்டரு மக்கர் பண்ணுது அத்தே" என்றேன். அவர் எதுவும் கேட்காமல் "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவரைக்காய் நறுக்கப் போனார். அவர் வந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று டெலிபோன் ஒயரை லேசாக இழுத்து விட்டேன். இரண்டாவது விளக்கு அணைந்தது, மூன்றாவது சிவந்தது. பொய்தான், ஆனாலும் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

மறுநாள் மாமியார் குளிக்கும் நேரம் பார்த்து ஒயரைச் செருகினேன், பார்த்தேன், பிடுங்கினேன். ஏழு மணிக்கு மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். செருகிவைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வரவில்லை. என் கணவருக்கே ஏதாவது ஆகியிருந்தால் பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து காரில் வந்து சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தெருவில் வந்த ஒவ்வொரு காரும் எனக்குத் தூதரகக் கார்தான். ஒரு வெள்ளைக் கார் எங்கள் வாசலுக்கு நேராக வந்து நின்றது. நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மணி அடித்தாலும் காதில் விழக்கூடாது. அரைமணி கழித்து வெளியே வந்து பார்த்தால், எதிர்வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை வாசல் மணி அடித்தது. டெலிபோன் ஆபீஸ்காரர். என் பழைய புகாருக்கு அன்றைக்குத்தான் முறை வந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்றிருப்பேன். பென்ஷனை எட்டிப் பிடிக்கும் வயது, நிதானமான மனுஷர். ஒயரைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டார்.

"லூசா கீதும்மா, அவ்ளோதான்." செருகினார். தன் கையிலிருந்த டெலிபோனை மாட்டி லைனைக் கேட்டார். உறையைக் கழற்றி, "இந்த வெயில்ல இதுக்கு ஸ்வெட்டர் வேறயா?" என்று சிரித்தார். பீரோ பக்கத்திலிருந்து ரவுட்டரை எடுத்து எதிர்ச்சுவர் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். லேப்டாப்பை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போனார். நாலாவது படியைத் தாண்டியும் சிக்னல் நிற்கவில்லை. இறங்கி வந்து சொன்னார்:

"எல்லா வெளக்கும் எரியுது பாருங்க. ஒரு கொறையும் இல்ல."

"நல்லா பாருங்க சார். ஏதாவது இருக்கும்."

"இல்லம்மா."

"வெளில போஸ்ட்ல பாருங்க. மழைல ஒயரு நனஞ்சிருக்கும். ரெண்டு நாளா வரவே இல்ல சார். ஏதோ கெட்டுத்தான் போயிருக்கு. நல்லா பாருங்க."

நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. "முப்பது வருஷமா இந்த வேல பாக்கறேன். சரியாயிடுச்சுன்னு சொன்னா அழுவற ஆள இப்பதாம்மா பாக்கறேன்" என்று தடுமாறினார். மாமியார் சமையலறையிலிருந்து வந்து, "அவளுக்கு ஒடம்பு முடியல. நீங்க போயிட்டு வாங்க" என்று அவரை அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

சாத்திவிட்டு நேராக அலமாரிக்கு வந்தார். உறை போடுவதைத் தவிர எதற்காகவும் ரவுட்டரைத் தொடாதவர், கரண்ட் பிளக்கைப் பிடித்துப் பிடுங்கினார். நாலு விளக்கும் ஒன்றாக அணைந்தன.

"கெட்டுத்தான் போயிருக்கு. அவனுக்கு இன்னா தெரியும்" என்றார். பிளக்கை அவர் கையிலிருந்து விடவே இல்லை.

"ஒங்ககிட்டயும் சொல்லிட்டாரா அத்தே?"

"அவன் சொல்லணுமா? அவங்கப்பா ஆப்பிரிக்காவுல இருந்தப்ப லெட்டர் நின்னுடுச்சுன்னா, தபால் பை தொலஞ்சு போச்சாம்னு எங்க மாமியார்கிட்ட நானே சொல்லுவேன். நீ ஒயர இழுத்து வுட்டத மொத நாளே பாத்துட்டேன்."

சாயங்காலம்வரை பிளக் அப்படியே பிடுங்கிக் கிடந்தது. ஆறரை ஆயிற்று. ரவுட்டர் அணைந்து கிடக்கிறவரை என் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் போடாவிட்டால் அவர் எப்படி வருவார்? எனக்குப் போடவும் பயம், போடாமலிருக்கவும் பயம். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் பிளக்கைச் செருகினேன். சுவிட்சை என்னால் போட முடியவில்லை. மாமியார்தான் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எல்லாம் எரிந்தன. ஏழு அடித்தது. ஏழே கால். ஏழரை. ஒரு கார் தெருவுக்குள் வந்தது, நிற்காமல் போனது. மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், விரல் பதிந்த இடம் மறுநாள்வரை வலித்தது.

ஏழே முக்காலுக்கு லேப்டாப் ஒலித்தது. தாடியோடு அவர் முகம்.

"டப்பா கெட்டுப் போச்சுடா, ரெண்டு நாளா" என்றார் மாமியார், அவர் வாயைத் திறப்பதற்குள்.

அவர் திரைக்குக் கிட்டே வந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "ஆமாம்மா. இங்கயும் கெட்டுத்தான் போயிருந்துச்சு" என்றார்.

யார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது வந்தது சந்தோஷம், வெறும் சந்தோஷம். யார் வீட்டு வாசலிலோ கார் வந்து நின்றதால்தான் என் வீட்டுக்கு இந்தக் குரல் வந்தது என்பது இரவு சாப்பாட்டில் கை வைத்தபோதுதான் உறைத்தது. சாப்பிட முடியவில்லை.

அடுத்த விடுப்பில் அவர் இரண்டு கொம்பு வைத்த புது ரவுட்டர் ஒன்று கொண்டுவந்தார். மொட்டைமாடிவரை சிக்னல் போகும், லேசில் சூடாகாது, மாதக்கணக்கில் அணைக்கவே வேண்டாம் என்றார். மாட்டினார், எல்லாம் சொன்னபடியே நடந்தது. மாமியார் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, அவர் காதில் விழாமல் என்னிடம் சொன்னார்: "அவன் இருக்கற வரைக்கும் இருக்கட்டும்."

விடுப்பு முடிந்து அவர் திரும்ப ஆப்கானிஸ்தானுக்கே கிளம்பினார். சென்னை விமானநிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்ததும், புடவைகூட மாற்றாமல் புதியதைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். பழையதைப் பீரோவை ஒட்டி அதே இடத்தில் மாட்டினேன். மாமியார் உறையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அதை வாங்கி நானே போட்டேன்.