ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்பது தடவை

சிறுநீர் கழிக்கப் போய் நின்றால் உடனே வராது. வந்தாலும் விட்டுவிட்டு வரும். ஐம்பத்தாறு வயதில் நான் கண்ட முதல் அறிகுறி இதுதான். உங்களுக்கும் இப்படி இருந்தால், என்னைப்போல ஆறு மாதம் தள்ளிப்போடாதீர்கள்.

இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட் சுரப்பி வெளிவிடும் ஒரு புரதம்) கூடியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு பயொப்சி (ஊசியால் சிறு துணுக்குகளை எடுத்துச் சோதிப்பது). புற்றுநோய் என்று முடிவு வந்தது.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிலருக்குச் சிறுநீர் அடங்காமல் கசியும் என்று வாசித்திருந்தேன். கடுகண்ணாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் கண்டிக்கு வேலைக்குப் போகிறவன் நான். ஒபரேசனே வேண்டாம் என்று நினைக்க அந்தப் பயமே போதுமாக இருந்தது. எனக்கு ஒன்றும் மோசமில்லை என்று காட்டுவதற்காக, எத்தனை தடவை சிறுநீர் கழித்தேன் என்று நாள்தோறும் நேரம் குறித்து எழுதிய கொப்பியை டொக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். மனைவி ரெஜினாவும் வந்தாள்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கொப்பியைப் பொறுமையாகப் புரட்டினார்.

“வேலை நாளில நாலு தரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்பது. ஏன் ஐயா, ஞாயிறிலதான் வருத்தம் கூடுதோ?”

ரெஜினா முந்திக்கொண்டாள்.

“வேலைக்குப் போற நாள்ல தேத்தண்ணிகூடத் தொடமாட்டாரு டொக்டர். பஸ்ல முட்டிக்கிட்டு வந்தா என்ன செய்யிறதுன்னு, சாயந்தரம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் வாய நனைக்கிறதில்ல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து கோப்பை கோப்பையா குடிப்பாரு.”

“இதையெல்லாம் ஏன் டொக்டர்கிட்ட சொல்ற?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரிகிட்டயா சொல்றது?”

டொக்டர் சிரித்துவிட்டார். “அப்ப இது உங்கட உடம்பைப் பற்றின கொப்பி இல்லை. பஸ்ஸைப் பற்றினது.”

“ஒபரேசன் செஞ்சிருவீங்கன்னு பயந்துட்டேன் டொக்டர்” என்றேன். அதை ரெஜினாவிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

அவர் ஒரு தாளில் படம் வரைந்தார். சிறுநீர் தடைப்படுவது சுரப்பி பருத்ததால். அதற்கு மாத்திரை உண்டு. புற்றுநோய் சிறியது, மெதுவாக வளரும் வகை, சுரப்பியைத் தாண்டவில்லை.

“இப்ப வெட்டத் தேவையில்லை. சொன்ன நாளுக்கு வந்து இரத்தம் சோதிக்கவேணும். வளர்ந்தால் சிகிச்சை. ஆனா எனக்கு எதையும் மறைக்கக்கூடாது. அப்பதான் இப்பிடிக் காத்திருக்கலாம்.”

“அப்போ அது உள்ளேயே இருக்குமா?”

“ஓம், இருக்கும். நாங்களும் பார்த்துக்கொண்டிருப்பம். நீங்கள் முதல்ல தண்ணியைக் குடியுங்கோ.”

இது நடந்து ஒன்றரை வருடமாகிறது. இதுவரை பி.எஸ்.ஏ. ஏறவில்லை. சோதனைக்கு முந்திய வாரம் மட்டும் எனக்கு நீளமாக இருக்கும். மற்ற வாரங்களை முழுதாக வாழ்கிறேன்.

நான் சொன்னபடி கேட்கவேண்டியதுதான் உடம்பு என்று நினைத்திருந்தேன். இப்போது அது கூப்பிட்டால் போகிறேன். காலையில் தேத்தண்ணி குடித்து, இருபது நிமிடம் முந்திப் புறப்படுகிறேன். பேராதனையில் இறங்கிக் கழிப்பறைக்குப் போவேன். வந்த பஸ் போய்விடும். நிதானமாக வெளியே வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததில் ஏறுகிறேன்.