ஏலகிரியில் வறுத்த கருவாடு

ஆவடி பக்கம் சேக்காட்டில் நான் எழுத்துப் படிக்கும் மாலை வகுப்பில் எட்டுப் பேரும் பெண்கள். ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை. போன சித்திரை வெயிலில், பேத்தி வயதுள்ள எங்கள் டீச்சர், ஏலகிரி மலையில் இருக்கும் தன் சித்தப்பாவின் வீட்டுக்கு வேன் வைத்து ஒருநாள் அழைத்துப் போனாள். அந்த வீட்டு அடுக்களைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. நின்று நிதானமாகப் படித்தேன். படித்ததை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பையில் நெத்திலிக் கருவாடு இருந்தது.

டீச்சர் ஏரியைப் பார்க்கப் போன நேரத்தில் கருவாட்டை வறுக்கத் தொடங்கினோம். வாசனை பிடித்து அந்த வீட்டு வாட்ச்மேன் ஓடிவந்தார்.

“ஏம்மா, பலகையில எழுதியிருக்கறதப் படிக்கலியா?”

என்னோடு வகுப்பில் படிக்கும் என் பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். “நாங்கள்லாம் கைநாட்டு நைனா. இன்னா எழுதிகீதுன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?”

அவர் முகம் இளகிவிட்டது. “பாவம், படிக்காதவங்க. சரி, சாப்ட்டுப் போங்க.”

கருவாடு தப்பியது. ஆனால் அந்தப் ‘பாவம்’ எனக்குப் பொறுக்கவில்லை.

“யாரு படிக்காதவங்க? நான் வந்ததுமே படிச்சிட்டேன். ‘இங்கு அசைவம் சமைக்கக் கூடாது.’ போதுமா?”

அவர் சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

“அடிப்பாவி! நீ படிச்சது எங்க சோத்துல மண்ணப் போடத்தானா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஏழு பேரும் வெறும் ரசம் சாதத்தைத் தின்றுவிட்டு, என்னோடு பேசாமல் வேனில் ஏறினார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆவடி வரைக்கும் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன்.