அக்காவின் அம்பு அசையவில்லை

அந்த அக்காவை வேலை நேரத்தில் நித்திரை கொள்பவர் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியது நீங்கள்தான், முகாமையாளரே. உங்கள் பெயரை நான் எழுதவில்லை. வாசித்தால் உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அலுவலகச் சுவரில் இருந்த பெரிய திரையில், எங்கள் ஒவ்வொருவருடைய கணினி மவுசும் நாள் முழுக்க ஓடித் திரிந்த வழியைக் கோடாகப் போட்டுக் காட்டினீர்கள். எல்லோருடைய பெயருக்குக் கீழிருந்த பெட்டிக்குள்ளும் சின்னப்பிள்ளை கிறுக்கியது போலச் சிக்குப்பட்ட கோடுகள். அக்காவின் பெட்டிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள் மட்டும். பார்த்த எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கோடுகளைப் போடும் நிரலை எழுதிய நான், சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலகம் மருதனார்மடத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வெளிநாடுகளில் பிள்ளைகளோடு இருக்கும் வயதுபோன தமிழர் அங்குள்ள மருத்துவ உதவிச் சேவை ஒன்றோடு தொலைபேசியில் பேசுவார்கள். அந்த ஒலிப்பதிவுகள் எங்களுக்கு வரும். கேட்டு, என்ன நோய், எப்போது தொடங்கியது, என்ன மருந்து எடுக்கிறார் என்று சுருக்கி எழுதிக் கொடுப்பதுதான் வேலை. மற்றவர்கள் கொஞ்சம் கேட்பார்கள், நிறுத்துவார்கள், எழுதுவார்கள், திரும்பவும் பின்னால் இழுத்துக் கேட்பார்கள். சண்டிலிப்பாயிலிருந்து வரும் அந்த அக்கா அப்படிச் செய்யமாட்டார். ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் எழுதத் தொடங்குவார். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “எங்கடை கிழடுகள் நோவை முதல்லை சொல்லுங்களே, தம்பி?” என்றார். “முதல் உம்மை ஆரெண்டு விசாரிக்கும். பிறகு எந்த ஊரெண்டு கேக்கும். மகன்ரை வீடு, மருமகளின்ரை சமையல், உந்தக் குளிர், எல்லாம் சொல்லி முடிச்சு, போனை வைக்கப் போகேக்கைதான் ‘அது கிடக்கட்டும் பிள்ளை, ரெண்டு நாளா நெஞ்சுக்கை ஒரு மாதிரிக் கிடக்கு’ எண்டு வரும். அதுக்கு முதல் நீர் நிப்பாட்டி நிப்பாட்டி எழுதினீரெண்டால், மருமகளின்ரை சமையலைத்தான் எழுதுவீர்.” நான் சிரித்தேன். என் அப்பாவும் வைத்தியரிடம் போய் அப்படித்தான் கதைப்பார். வைத்தியரின் தகப்பனுடைய சுகத்தை விசாரித்துவிட்டு, எழும்பி வரும்போதுதான் தன் காலைக் காட்டுவார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் அந்த நிரலை எழுதினேன். ஆட்கள் வேலை செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். கணினி தெரிந்த ஒருவன் அதற்குச் செய்யக்கூடிய மிகச் சோம்பேறித்தனமான வேலையை நான் செய்தேன். இணையப் பக்கத்தில் மவுசை அசைத்தால், திரையிலுள்ள அம்பு இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, மேலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று உலாவி இரண்டு எண்களைச் சொல்லும். அடுத்தடுத்து வரும் அந்த எண்களைக் கோடாக இணைத்தால் அம்பு போன வழி கிடைக்கும். அசைக்காவிட்டால் உலாவி எதுவும் சொல்லாது. ஒருவர் வேலை செய்கிறார் என்றும் சொல்லாது, செய்யவில்லை என்றும் சொல்லாது. அந்தப் பேசாமைக்கு ‘வேலையில் இல்லை’ என்று பெயர் வைத்தவன் நான். அம்பு ஓடினால் சுவர்த் திரையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சை, நின்றால் சிவப்பு. ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க இன்னும் சில வரிகள் எழுதியிருந்தால் போதும். நான் எழுதவில்லை. நீங்கள் கேட்கவுமில்லை.

நிறம் மாறுவதைக் கண்டவுடன் சனம் வழி கண்டுபிடித்தது. அக்காவுக்குப் பக்கத்து மேசைப் பெண் மவுசைத் தூக்கி மேசை விசிறியின் அடித்தட்டில் வைத்துவிடுவாள். விசிறி அதிர அதிர அம்பு நடுங்கிக்கொண்டே இருக்கும். அவள் கீழே போய் வடையும் தேத்தண்ணியும் முடித்துவிட்டு வரும்வரைக்கும் பச்சையாகவே இருப்பாள். “அக்கா, கேக்கேக்கை ஒரு கையாலை மவுசைச் சும்மா ஆட்டிக்கொண்டிருங்கோவன்” என்று அவள்தான் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். “ஏன், நான் என்ன தொட்டிலே ஆட்டுறன்?” என்றார் அக்கா. மேசைகள் எல்லாம் சிரித்தன. அக்கா திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். சுவரில் அவருடைய பெயர் சிவந்தது.

நான் உங்களிடம் வந்து சொன்னேன். மறந்திருக்கமாட்டீர்கள். அக்கா சும்மா இருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார், நிரலைக் கொஞ்சம் மாற்றுகிறேன் என்றேன். “உந்தத் திரையைக் காட்டித்தான் தம்பி வெளிநாட்டுக்காரரிட்டை வேலை எடுத்தது. இப்ப போய் உது பிழையெண்டு நான் சொல்லுறதோ? நீர் உம்மடை வேலையைப் பாரும்” என்றீர்கள். என்னுடைய வேலையே அதுதான். ஆனாலும் நிரலைத் தொடாமல் என் மேசைக்குத் திரும்பிப் போனேன். எனக்கு அந்தச் சம்பளம் தேவைப்பட்டது. இதைவிட நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

பிறகு அந்தக் கூட்டம். திரையில் புள்ளிகளைக் காட்டி, “இவ இங்கை வந்து நித்திரை கொண்டிட்டுப் போறா” என்றீர்கள். அதோடு விடாமல் என்னைப் பார்த்து, “தம்பி, உம்மடை மெசினிலை ஏதும் பிழை இருக்கே?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டீர்கள். நான் “இல்லை” என்றேன். அந்தச் சொல்லைப் பிறகு எத்தனையோ விதமாக எனக்கு நானே நியாயப்படுத்திப் பார்த்தேன். அம்பு அசையவில்லை என்று நிரல் காட்டியது, அம்பு அசையவுமில்லை, ஆகவே பிழை இல்லை. வழக்குப் பேசுகிறவர்கள் சொல்லக்கூடிய உண்மை அது. மனிதர் சொல்லக்கூடியது இல்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. “தம்பி சொல்லுறது சரி. அது அசையேல்லைத்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தனான்” என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்த மேல்மாடியில் நோயாளி கடைசியில் சொன்னதை எழுதிக்கொண்டிருந்த ஆள் அவர் ஒருவர்தான்.

நானும் சில காலத்தில் அந்த வேலையை விட்டுவிட்டேன். போன மாதம் மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற அக்காவைக் கண்டேன். ஒளித்துப் போகப் பார்த்தேன், முடியவில்லை. “என்ன தம்பி, உம்மடை அம்பு சுகமா இருக்கே?” என்றார். சாவகச்சேரியில் ஒரு மருந்தகத்தில் வேலை கேட்டுப் போனாராம். அவர்கள் எங்கள் பழைய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்திருக்கிறார்கள். நித்திரை கொள்கிற ஆள் என்று உங்கள் வாயால் பதில் போயிருக்கிறது. “வேலை கிடக்கட்டும், தம்பி. கோயிலடியிலை நிண்டாலும் பகிடிக்குக் கேக்கினம், நித்திரையாலை எழும்பியாச்சோ எண்டு. இந்தப் பேரை இனி ஆர் அழிக்கிறது?” என்று கேட்டபோது அவருடைய குரலில் பகிடி இல்லை. நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்துத் தருகிறேன் என்றேன். “நான் நித்திரை கொள்ளேல்லை எண்டு எனக்குத் தெரியும். அதை எனக்கே எழுதித் தாறீரோ?” என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்காயை நிறுக்கக் கொடுத்தார்.

அதனால்தான் இதை அவருக்கு எழுதாமல் ஊருக்கு எழுதுகிறேன். அக்கா ஒரு நாளும் வேலையில் நித்திரை கொள்ளவில்லை. எனக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் பிழை இல்லை என்றேன். என் பங்கு இது, இதைச் சொன்னதால் அது குறைந்துவிடாது. இனி நீங்கள் சொல்லுங்கள், முகாமையாளரே. நான் உங்கள் மேசைக்கு வந்து சொன்ன பிறகும், அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்த பிறகும், ஏன் அந்தச் சொல்லைச் சொன்னீர்கள்? ஏன் இன்னும் சொல்கிறீர்கள்? எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுக்க வேண்டாம், அக்காவின் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேசவும் வேண்டாம். எல்லோருக்கும் முன்னால் சொன்னவர் நீங்கள், பதிலையும் எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்.